முதல் சீசன், மூன்றாவது ஜோடி: சிமுலேஷன் ஜூனியர் ஹாக்கியில் ஒரு டிஃபென்ஸ்மேன்

இந்த ஆய்வில் வரும் ஆட்டக்காரன் நிஜத்தில் இல்லை. ஆனால் அவன் ஆடிய ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஸ்கோர் ஷீட் இருக்கிறது. புதியவர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் அவனை எடுத்த ஜி.எம்., அதாவது அணி மேலாளர், இருக்கிறார். அவனோடு ஜோடி சேர்ந்து ஆடியவனை உருவாக்கிய ஒரு மனிதரும் இருக்கிறார். கணினியில் ஓடும் இந்த சிமுலேஷன் ஐஸ் ஹாக்கி லீக் என்பது சுருக்கமாக இதுதான்: ஆளுக்கு ஓர் ஆட்டக்காரனை உருவாக்குகிறோம், வாராவாரம் பயிற்சிப் பணிகளைச் செய்து புள்ளிகள் சேர்க்கிறோம், அவற்றை வேகம், பாஸிங், பொசிஷனிங் என்று பிரித்துப் போடுகிறோம். ஐஸில் நடப்பதைக் கணினி பார்த்துக்கொள்கிறது. புதிதாக வருகிறவர்கள் நேரே பெரிய லீக்குக்குப் போக முடியாது. முதலில் ஜூனியர் லீக்கில் ஆட வேண்டும்.

என் ஆட்டக்காரன் இடது பக்க டிஃபென்ஸ்மேன், அதாவது தற்காப்பு ஆட்டக்காரன். முந்தைய சீசனில் அட்டவணையின் அடியில் முடித்த ஓர் அணி, டிராஃப்டின் நடுச் சுற்று ஒன்றில் அவனை எடுத்தது. சீசன் முடிந்தபோது அவன் கணக்கில் சில கோல்கள், அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக அசிஸ்ட்டுகள் (கோலுக்கு வழிவகுத்த பாஸ்கள்), பிளஸ்-மைனஸில் கண்ணை உறுத்தும் ஒரு மைனஸ் (அவன் ஐஸில் இருந்தபோது அணி போட்ட கோல்களைவிட வாங்கியவை அதிகம்), பிளேஆஃப் முதல் சுற்றிலேயே ஒரு தோல்வி. ரூக்கி, அதாவது முதல் சீசன் ஆட்டக்காரர், விருதுப் பேச்சில் அவன் பெயர் வரவில்லை.

இதை நான் நல்ல சீசன் என்றே சொல்கிறேன். ஜூனியர் லீக்கில் ஒரு ரூக்கியை கோல், அசிஸ்ட் கணக்கை வைத்து மட்டும் எடைபோட முடியாது என்பது என் உறுதியான கருத்து. அவனுக்கு எத்தனை நிமிடம் கிடைத்தது, யாருக்கு எதிராகக் கிடைத்தது, சேர்ந்த புள்ளிகள் எந்த வரிசையில் எதில் போயின என்று பார்த்தால்தான் சீசன் எப்படிப் போனது என்பதே தெரியும். அதை ஒரே ஆட்டக்காரனின் கதையை வைத்துக் காட்டுவதுதான் இங்கே நோக்கம்.

எஞ்சினும் அதன் எண்களும்

இந்த லீக்குகள் எல்லாம் ஏதாவது ஒரு ஹாக்கி மேலாண்மை விளையாட்டின் மேல்தான் ஓடுகின்றன. ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ் 2004-ல் வெளியிட்ட ஈஸ்ட்சைட் ஹாக்கி மேனேஜர், சிமுலேஷன் லீக் நடத்துவதற்கென்றே எழுதப்பட்ட சைமன்-டி ஹாக்கி சிமுலேட்டர், 2013-ல் முதல் பதிப்பு வந்த ஃபிரான்சைஸ் ஹாக்கி மேனேஜர் ஆகிய மூன்றும் இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் பழக்கமானவை. கடைசியாகச் சொன்ன எஞ்சினில் திறமைகள் 1 முதல் 20 வரை போகும். தாக்குதலுக்கு பாஸிங், பக் என்ற ரப்பர் வட்டைக் கையாளுதல், ஷாட்டின் துல்லியம், தூரம். தற்காப்புக்கு பொசிஷனிங், ஸ்டிக்கால் பறித்தல், ஷாட்டைத் தடுத்தல், ஆட்டத்தைப் படிக்கும் திறன். உடலுக்கு முடுக்கம், வேகம், சமநிலை, வலிமை, தாக்குப்பிடிக்கும் சக்தி.

ஏறும்தோறும் விலை கூடும் என்பதுதான் இதில் முக்கியமான விதி. ஒரு திறமையை 8-லிருந்து 9-க்குக் கொண்டுபோவதைவிட 14-லிருந்து 15-க்குக் கொண்டுபோவதற்குப் பல மடங்கு புள்ளி வேண்டும். அதனால் ரூக்கி கையில் இருக்கும் சொற்பப் புள்ளியை எல்லாவற்றிலும் தூவினால் எதிலும் ஆள் ஆக மாட்டான், ஒன்றிலேயே கொட்டினால் மற்ற எல்லாவற்றிலும் ஓட்டை விழும். முதல் சீசனில் எடுக்கும் முடிவுகளில் கனமானது இது.

எஞ்சினில் தற்செயலும் உண்டு. ஒரே இரண்டு அணிகளை, ஒரே லைன்களோடு (சேர்ந்து ஐஸில் இறங்கும் ஆட்டக்காரர் வரிசைகள்) பலமுறை ஓட்டிப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் வேறு ஸ்கோர் வரும். அனுபவமுள்ள ஜி.எம்.கள் இதற்காகவே சோதனை சிம்கள் (சிமுலேஷன் ஓட்டங்கள்) ஓட்டுவார்கள். ஒரு லைனை மாற்றினால் சராசரியில் முன்னேற்றம் தெரிகிறதா என்று பார்ப்பார்களே தவிர, ஒரே ஓட்டத்தின் முடிவை நம்ப மாட்டார்கள். ஆனால் உண்மையான சீசன் ஒரே ஒருமுறைதான் ஓடும். அந்த ஒரு ஓட்டத்தில் விழுந்ததுதான் பதிவேட்டில் நிற்கிறது. ரூக்கிகள் பலர் மனம் உடைவதும், சிலர் தலைக்கனம் பிடிப்பதும் இந்த ஒரு ஓட்டத்தால்தான்.

நிஜ ஜூனியர் ஹாக்கி தரும் அளவு

சிமுலேஷன் ஜூனியர் லீக்குகளின் வடிவம் கனடாவிலிருந்து வந்தது. கனடிய ஹாக்கி லீக் என்ற குடையின் கீழ் ஒன்டாரியோ, மேற்கு, கியூபெக் என்று மூன்று லீக்குகள். பொதுவாக 16 முதல் 20 வயது வரை ஆடலாம். 20 வயதுக்காரர்கள் ஓர் அணியில் மூன்று பேருக்கு மேல் இருக்கக் கூடாது. முதல் உலகப் போரில் இறந்த வீரர்களின் நினைவாக 1919-ல் தொடங்கிய மெமோரியல் கோப்பைக்காக மூன்று லீக்குகளின் சாம்பியன்களும், போட்டியை நடத்தும் அணியும் மோதுவார்கள். 15 வயதிலேயே முழுநேரம் ஆட 'விதிவிலக்கான ஆட்டக்காரர்' என்ற அனுமதி வேண்டும். 2005-ல் ஜான் டவாரெஸுக்கு அது முதலில் கிடைத்தது, பிறகு ஏரன் எக்பிளாட், கானர் மெக்டேவிட் போன்ற வெகு சிலருக்கு.

ரூக்கி சீசன் என்றால் நம் நினைவுக்கு வருவது இந்த அபூர்வங்கள்தான். 2003-04-ல் சிட்னி கிராஸ்பி ரிமூஸ்கி அணிக்கு 59 ஆட்டங்களில் 135 புள்ளிகள் (கோலும் அசிஸ்ட்டும் சேர்த்து) எடுத்தார். வெய்ன் கிரெட்ஸ்கி 1977-78-ல் சூ செயின்ட் மரி அணிக்காக 70 கோல் போட்டார். இந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டு நம் ஆட்டக்காரனின் பக்கத்தைத் திறந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

எனக்கு இவற்றைவிடப் பொருத்தமாகத் தோன்றுவது மெக்டேவிட்டின் முதல் சீசன். 2012-13-ல் ஈரி ஆட்டர்ஸ் அணியில் அவர் 63 ஆட்டங்களில் 66 புள்ளிகள் எடுத்தார். 15 வயதில் தொடங்கிய ஒருவருக்கு அது பெரிய விஷயம். ஆனால் அந்த அணி 68 ஆட்டங்களில் 19-ஐத்தான் வென்றது. மறு சீசனில் அதே அணி 52 ஆட்டங்களை வென்றது. மோசமான அணிக்குத்தான் நல்ல டிராஃப்ட் இடம் கிடைக்கும் என்பதால், ரூக்கி நுழையும் வீடு பெரும்பாலும் ஒழுகுகிற வீடாகவே இருக்கும். தலைமுறைக்கு ஒருமுறை வருகிற ஆட்டக்காரருக்கே அந்த நிலை என்றால், நடுச் சுற்றில் எடுக்கப்பட்ட டிஃபென்ஸ்மேனுக்கு என்ன கிடைக்கும்?

டிஃபென்ஸ்மேன் ஏன், எப்படிப்பட்டவன்

புதியவர்களில் பாதிப் பேருக்கு மேல் தாக்குதல் ஆட்டக்காரர்களான விங்கரோ சென்டரோதான் உருவாக்குவார்கள் என்பது நான் பார்த்த வரையில் பொதுவான போக்கு. கோல் போட வேண்டும் என்ற ஆசை இயல்பானதுதானே. நான் டிஃபென்ஸைத் தேர்ந்தெடுத்ததற்கு நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோம் காரணம். 1989-ல் என்.எச்.எல். டிராஃப்டின் மூன்றாவது சுற்றில் 53-வது ஆளாக எடுக்கப்பட்டு, பிறகு சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நோரிஸ் கோப்பையை ஏழு முறை வென்றவர். முட்டி மோதிப் பக்கைப் பறிக்கிற ஆட்டக்காரர் அல்ல அவர். எதிராளி போக நினைக்கும் இடத்தில் ஏற்கெனவே நிற்பார். அந்த வகை ஆட்டத்தின் மேல் எனக்கு மாறாத மரியாதை உண்டு.

அதனால் ஆரம்பப் புள்ளிகள் பொசிஷனிங்கிலும், தற்காப்பில் ஆட்டத்தைப் படிக்கும் திறனிலும், ஸ்கேட்டிங் சம்பந்தப்பட்டவற்றிலும் போயின. ஷாட்டுக்கு ஒன்றும் போடவில்லை. ஹிட்டிங், ஃபைட்டிங் இரண்டையும் தொடவே இல்லை. ஜி.எம். முதலில் பாஸிங்கைக் கொஞ்சம் ஏற்றச் சொன்னார். பவர்ப்ளேயில் (எதிரணி ஆள் ஒருவர் தண்டனையில் வெளியே இருக்கும் நேரம்) இரண்டாவது யூனிட்டுக்கு ஆள் வேண்டும், பாஸிங் இருந்தால் அங்கே இடம் தரலாம், அசிஸ்ட் கூடும், எனக்கும் உற்சாகமாக இருக்கும் என்றார். நல்ல எண்ணத்தில் சொன்ன யோசனை அது. புதியவர் சீக்கிரம் சில எண்களைப் பார்த்தால் விட்டுப் போக மாட்டார் என்பது ஜி.எம்.களுக்கு அனுபவத்தில் தெரியும்.

ஆனால் நான் ஸ்கேட்டிங் பக்கமே நின்றேன். ஜூனியர் லீக்கில் பவர்ப்ளே அசிஸ்ட்டுக்காகப் போடும் புள்ளி, அந்த யூனிட்டிலிருந்து எடுத்துவிட்ட மறுநாளே தூங்கப் போய்விடும். ஸ்கேட்டிங்கும் பொசிஷனிங்கும் ஐந்துக்கு ஐந்து ஆட்டத்திலும் வேலை செய்யும், பெனால்டி கில்லிலும் (நம் ஆள் தண்டனையில் வெளியே இருக்கும்போது தற்காப்பது) வேலை செய்யும், பெரிய லீக்குக்குப் போன பிறகும் வேலை செய்யும். அவரும் மறுக்கவில்லை. அப்படியானால் பெனால்டி கில்லில் போடுகிறேன், பொறுமை வேண்டும் என்றார். பொறுமை எனக்கு இருந்தது.

நிமிடங்களின் கணக்கு

ஓர் ஆட்டம் 60 நிமிடம். டிஃபென்ஸில் ஒரே நேரத்தில் இருவர் நிற்பதால் பங்கிட 120 நிமிடங்கள் உண்டு. ஆறு பேருக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 20. எந்தப் பயிற்சியாளரும் அப்படிச் சமமாகப் பிரிப்பதில்லை. முதல் ஜோடி 24, 25 நிமிடம் எடுத்துக்கொள்ளும், மூன்றாவது ஜோடிக்கு 15-ஐ ஒட்டித்தான் வரும். சீசனின் முதல் பகுதி முழுக்க என் ஆட்டக்காரன் அந்த மூன்றாவது ஜோடியில்தான் இருந்தான்.

அவனோடு சேர்த்துப் போட்டது ஜூனியரில் கடைசி சீசன் ஆடிக்கொண்டிருந்த ஓர் அனுபவசாலியை. அந்த ஆட்டக்காரனை உருவாக்கியவர் முதல் வாரத்திலேயே எனக்கு எழுதினார். எந்தத் திறமை எந்த அளவைத் தாண்டினால் எஞ்சினில் வித்தியாசம் தெரிகிறது, எதில் போடுவது வீண், எந்தப் பயிற்சிப் பணியை விட்டால் பிறகு ஈடுகட்ட முடியாது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். இந்த லீக்கின் ஆவணங்கள் எல்லாவற்றையும் படித்ததைவிட அவரிடம் கேட்டதில்தான் நான் அதிகம் கற்றேன். ஜூனியர் லீக் என்ற ஒன்று இருப்பதே இதற்காகத்தான் என்பேன். ஆட்டக்காரன் தானாக வளர மாட்டான், அவனை வைத்திருக்கும் மனிதர் விஷயம் தெரிந்தவராக வளர வேண்டும்.

அந்தக் காலகட்டத்தில் எண்கள் அமைதியாக இருந்தன. ஐஸில் அவன் இருக்கும்போது நடந்தவை குறைவு, விழுந்த கோல்களும் குறைவு. பிளஸ்-மைனஸ் பூஜ்யத்தைச் சுற்றியே நின்றது. பெனால்டி கில்லில் அவன் செய்த வேலை அதில் எங்கும் தெரியவில்லை. காரணம் எளிது: எதிரணி பவர்ப்ளேயில் கோல் போட்டால் தற்காத்தவர்களுக்கு மைனஸ் விழாது, அந்தக் கோலைத் தடுத்தால் பிளஸும் கிடைக்காது. பெனால்டி கில்லுக்கென்றே ஓர் ஆட்டக்காரனை வளர்ப்பவர் இந்தக் கட்டத்தை எட்டிப் பார்ப்பதால் பயனில்லை.

மேலே போனான், எண்கள் கீழே போயின

சீசனின் நடுவில் எங்கள் முதல் ஜோடி டிஃபென்ஸ்மேன் ஒருவனுக்குக் காயம். எஞ்சினில் காயமும் தற்செயல்தான், யாரையும் நோக முடியாது. ஜி.எம். என் ஆட்டக்காரனை இரண்டு படி ஏற்றி முதல் ஜோடியில் போட்டார். அப்புறம் சில வாரங்களிலேயே பிளஸ்-மைனஸ் பள்ளத்தில் விழுந்தது. அணியும் வரிசையாகத் தோற்றது.

வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு இது ரூக்கி சுமை தாங்காமல் சரிந்த கதையாகத் தெரிந்திருக்கும். அந்த வாரங்களின் ஸ்கோர் ஷீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தபோது எனக்குக் கிடைத்த சித்திரம் வேறு.

முதலில், எதிரில் நின்றவர்கள் மாறினார்கள். முதல் ஜோடிக்கு எதிரணியின் முதல் லைன் வரும். இரண்டாவது, தோற்றுக்கொண்டிருக்கும் அணி கடைசி நிமிடங்களில் வலையைக் காக்கும் கோலியை வெளியே எடுத்து ஆறாவது ஆட்டக்காரனை இறக்கும். அப்போது ஐஸில் இருப்பது முதல் ஜோடிதான். காலி வலையில் விழும் கோலுக்கும் மைனஸ் உண்டு. அடிக்கடி ஒரு கோலில் பின்தங்கி நிற்கும் அணியின் முதல் ஜோடிக்கு இது மாதச் சந்தா மாதிரி வந்துகொண்டே இருக்கும்.

மூன்றாவதுதான் பெரியது. எங்கள் வலையில் நின்றவரும் ரூக்கி. கோலியின் சேவ் சதவீதம் ஒரு டிஃபென்ஸ்மேனின் எண்ணை எவ்வளவு இழுக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் ஆட்டத்தில் எதிரணி 25 ஷாட் அடிக்கிறது, அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் எட்டு, இவன் ஐஸில் இருக்கும்போது வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கோலி நூற்றுக்கு 91 தடுப்பதற்குப் பதிலாக 88 தடுத்தால், அந்த எட்டு ஷாட்டில் கால் கோல் கூடுதலாக விழும். 20 ஆட்டத்தில் அது ஐந்து கோல். அதாவது ஐந்து மைனஸ். டிஃபென்ஸ்மேன் எதையும் மாற்றி ஆடாமலேயே.

அந்தக் கோலியும் மோசமானவர் என்று இதற்குப் பொருள் இல்லை. 91 சதவீதத் திறமை உள்ள ஒரு கோலி 1,000 ஷாட்டைச் சந்தித்தால், வெறும் தற்செயலாலேயே முடிவு 90-க்கும் 92-க்கும் நடுவில் எங்கும் ஆடலாம், அதைத் தாண்டியும் அவ்வப்போது போகலாம். 200 ஷாட்டுக்குள் பார்த்தால் ஊசல் இன்னும் பெரிது. சில வாரச் சரிவை வைத்து அவரை உட்கார வைக்கச் சொல்லி அணிக்குள் குரல் எழுந்தபோது ஜி.எம். மறுத்துவிட்டார். அது சரியான முடிவு என்று அன்றே நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

இதை எல்லாம் ஒரே எண்ணில் பார்க்க ஹாக்கியில் ஒரு வழி உண்டு. ஒருவர் ஐஸில் இருக்கும்போது அவர் அணியின் ஷாட் சதவீதத்தையும் சேவ் சதவீதத்தையும் கூட்டினால் வருவதை பிடிஓ என்பார்கள். ஒரு அணியின் கோல் இன்னொரு அணியின் தவறிய சேவ் என்பதால், லீக் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் அது 100-தான். தனி ஆட்டக்காரருக்கு அது 100-க்கு வெகு கீழே போனால் பெரும்பாலும் காலப்போக்கில் திரும்பி ஏறும். என் ஆட்டக்காரனுடையது அந்த வாரங்களில் 100-க்கு நன்றாகவே கீழே இருந்தது. ஷாட் முயற்சிகளின் கணக்கு, அதாவது வலைக்குப் போனவை, தவறியவை, தடுக்கப்பட்டவை எல்லாவற்றையும் சேர்த்து எண்ணும் கோர்ஸி, மூன்றாவது ஜோடியில் இருந்ததைவிடச் சற்றுத்தான் இறங்கியிருந்தது. பஃபலோ சேபர்ஸின் கோலி பயிற்சியாளராக இருந்த ஜிம் கோர்ஸியின் பெயரைத் தாங்கிய அளவு இது. கடினமான எதிரிகள், கூடுதல் நிமிடங்கள், அப்படியிருந்தும் பக் எந்தப் பக்கம் அதிகம் இருந்தது என்பதில் பெரிய வீழ்ச்சி இல்லை. ஆட்டக்காரன் தாங்கினான் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

டிரேட் முடிவு நாள்

பிளேஆஃப் கனவு மங்கிய அணிகள் அனுபவசாலிகளை விற்று டிராஃப்ட் இடங்களை வாங்கும் நாள் அது, ஆட்டக்காரர்களை அணிகள் மாற்றிக்கொள்ளக் கடைசி நாள். எங்கள் ஜி.எம். என் பழைய ஜோடிக்காரரை, கோப்பைக்குப் போட்டியிட்ட ஓர் அணிக்கு அனுப்பினார். கடைசி ஜூனியர் சீசனில் அவருக்குக் கோப்பை வெல்ல ஒரு வாய்ப்புத் தரலாம், எங்களுக்கும் எதிர்காலம் கிடைக்கும். இருவருக்கும் நல்லது. என்னிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஒரு ரூக்கியிடம் இதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் எந்த ஜி.எம்.முக்கும் இல்லை, அதனாலேயே அதை மதிக்கிறேன்.

கற்பனை ஆட்டக்காரர்கள்தானே, டிரேட் நடந்தால் என்ன வருத்தம் என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வருத்தம் இருந்தது. அணி அறையில் தினமும் பேசிய ஒருவர் அடுத்த நாள் எதிரணிக்காரர். ஆனாலும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை, நானும் கேட்பதை நிறுத்தவில்லை.

அவர் இடத்துக்கு வந்தது இன்னொரு ரூக்கி. என்னைவிடவும் புதியவர், டிராஃப்டுக்குச் சற்று முன்புதான் சேர்ந்தவர். காயம்பட்டவன் திரும்பியதும் என் ஆட்டக்காரன் இரண்டாவது ஜோடிக்கு இறங்கினான், இந்தப் புதியவர் அவனோடு சேர்ந்தார். எனக்குச் சொல்லப்பட்ட அதே விஷயங்களை நான் அவருக்குச் சொன்னேன். சேர்ந்த நேரம் இந்த லீக்குகளில் எவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. முன்கூட்டியே ஆட்டக்காரனை உருவாக்கியவர் டிராஃப்டுக்குள் பல வாரப் புள்ளிகளைச் சேர்த்திருப்பார். ஏற்கெனவே ஓர் ஆட்டக்காரனை ஓய்வுபெற வைத்துவிட்டு இரண்டாவது, மூன்றாவது ஆட்டக்காரனோடு வருகிறவருக்கு எஞ்சினின் நெளிவுசுளிவு அத்தனையும் தெரிந்திருக்கும். ரூக்கி புள்ளிப் பட்டியலின் உச்சியில் பெரும்பாலும் இவர்கள்தான் இருப்பார்கள். அவர்களும் ரூக்கிகள்தான், விதிப்படி தவறே இல்லை. ஆனால் முதன்முறையாக வந்தவர் தன்னை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுச் சோர்ந்துபோவதைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுக்காது. அப்படிச் சோர்ந்து, வாரப் பணிகளை விட்டு, மெல்லக் காணாமல் போனவர்கள் என் டிராஃப்ட் வகுப்பிலேயே இருக்கிறார்கள். அவர்களில் சிலர் எனக்கு வெகு முன்னால் எடுக்கப்பட்டவர்கள்.

கடைசிப் பகுதி

இரண்டாவது ஜோடியில் எண்கள் திரும்பின. பிடிஓ 100-ஐ நோக்கி ஏறியது, பிளஸ்-மைனஸின் பள்ளம் முழுக்க நிரம்பாவிட்டாலும் ஆழம் குறைந்தது. இந்தக் காலத்தில்தான் சீசனின் கோல்களில் பெரும்பங்கு, அடுத்தடுத்த ஆட்டங்களில், வந்தது. அணி அறையில் கொண்டாட்டம். எனக்கும் சந்தோஷம்தான், ஏன் மறைக்க வேண்டும்? ஆனால் அந்தக் கோல்களை வைத்து எந்த முடிவும் எடுக்கவில்லை. டிஃபென்ஸ்மேனின் ஷாட்டில் நூற்றுக்கு ஐந்துதான் கோலாகும் என்று வைத்துக்கொண்டால், 60 ஷாட்டுக்கு எதிர்பார்ப்பது மூன்று கோல். தற்செயலால் அது ஒன்றாகவும் ஆகலாம், ஐந்தாகவும் ஆகலாம். ஐந்து விழுந்த ஆட்டக்காரனும் ஒன்று விழுந்த ஆட்டக்காரனும் ஒரே ஆள்தான். ஷாட்டில் புள்ளி போடலாமே என்று அப்போது அணியில் சிலர் சொன்னார்கள். நான் போட்டது முடுக்கத்தில்.

கடைசி வாரங்களில் ஒரு சிறிய விஷயம் நடந்தது, அதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். பெனால்டி கில்லில் முதல் யூனிட்டுக்கு அவன் போனான். காயத்தாலோ டிரேடாலோ கிடைத்த இடம் இல்லை. மற்ற எல்லோரும் நலமாக இருந்தபோது, சோதனை சிம்களில் பார்த்துவிட்டு ஜி.எம். எடுத்த முடிவு. சீசன் முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்த நாள் அது.

பிளேஆஃபுக்கு எப்படியோ கடைசி இடத்தில் நுழைந்துவிட்டோம். முதல் சுற்றில் வலுவான அணி, தோல்வி. இதைப் பற்றி நிறைய எழுத ஒன்றுமில்லை. ஒவ்வோர் ஆட்டத்திலும் நூற்றுக்கு 55 வாய்ப்பு உள்ள அணி, ஏழில் நான்கு வெல்ல வேண்டிய தொடரை நூற்றுக்குச் சுமார் 61 முறைதான் வெல்லும். மீதி 39 முறை பலவீனமான அணி மேலே போகும். எங்களுக்கு அந்த 39 வரவில்லை. எதிரணி எங்களைவிட நன்றாக இருந்தது, அவ்வளவுதான். என் பழைய ஜோடிக்காரரின் அணி தொடர்ந்து முன்னேறியது. ஒவ்வொரு சிம்மையும் நான் உட்கார்ந்து பார்த்தேன்.

அடுத்த சீசனுக்கு முன்

பெரிய லீக்கின் டிராஃப்ட் முன்னால் இருக்கிறது. அங்கே ஸ்கவுட் செய்கிறவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள் எனக்கு வியப்பாக இல்லை. கோல் எத்தனை என்று ஒருவரும் கேட்கவில்லை. வாரப் பணி ஏதாவது விடுபட்டதா, எவ்வளவு காலம் இருப்பதாக எண்ணம், புள்ளிகளை எந்த வரிசையில் போடத் திட்டம், அணிக்காக வேறென்ன வேலை செய்யத் தயார் என்றுதான் கேட்டார்கள். ஜூனியரில் ஒவ்வோர் ஆட்டக்காரனுக்கும் ஓர் உச்சவரம்பு வைத்திருப்பதால், அந்த வரம்பைத் தொட்ட பிறகு சேரும் புள்ளிகள் மேலே போகும்வரை கையிருப்பாகக் காத்திருக்கும். பெரிய லீக் அணிகள் வாங்குவது அந்தக் கையிருப்பையும், அதைச் சேர்க்கும் மனிதரையும்தான்.

என் ஆட்டக்காரன் இன்னும் அந்த வரம்பைத் தொடவில்லை. அதுவரை வரிசை இப்படி இருக்கும்: ஸ்கேட்டிங் சம்பந்தப்பட்டவை முதலில் ஒரு சமநிலைக்கு வரட்டும். பிறகு ஸ்டிக்கால் பறித்தல், ஏனென்றால் பெனால்டி கில்லில் பாஸ் வழிகளை மூட அது வேண்டும். அதன் பின்னர்தான் பாஸிங், ஜி.எம். முதல் நாள் கேட்டது. பவர்ப்ளேக்காக இல்லை. தற்காப்பு மூலையிலிருந்து பக்கை முதல் பாஸிலேயே வெளியே கொண்டுபோகும் டிஃபென்ஸ்மேன் இருந்தால், எதிரணியின் முதல் லைனுக்கு எங்கள் பகுதியில் நிற்க நேரமே கிடைக்காது. முதல் ஜோடியில் இருந்த வாரங்களில் கோர்ஸி சற்று இறங்கியது அங்கேதான் என்று ஸ்கோர் ஷீட்டுகளைப் பார்த்தபோது தோன்றியது.

ஷாட்டுக்கு அடுத்த சீசனும் ஒன்றும் இல்லை. ஜி.எம்.மிடம் சொல்லிவிட்டேன், அவரும் சரி என்றார். இப்போதைய திட்டப்படி அவன் இரண்டாவது ஜோடியில், அந்த இன்னொரு ரூக்கியோடு தொடங்குகிறான். அந்தப் புதியவர் முன்சீசன் பயிற்சிப் பணிகளை என்னைவிட முன்னதாக முடித்துவிட்டார்.